பிரேக் யாருக்காக?



மாலையில் பள்ளி விடும் நேரத்தில் விருதுநகரிலோ, சாத்தூரிலோ, திருத்தங்கலிலோ, சிவகாசியிலோ ஏதேனும் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வாயிலில் நின்று பார்த்தவர்கள் இக்காட்சியை நன்கு அறிவார்கள். மணி அடித்த சில நிமிடங்களில் மிதிவண்டிகள் ஒரு வெள்ளம்போல் சாலையில் இறங்குகின்றன. தோளில் கை போட்டபடி மூவர் இணையாகச் செல்கிறார்கள். ஒருவன் பின்னால் கேரியரில் நண்பனை ஏற்றிக்கொண்டு மிதிக்கிறான். இன்னொருவன் இரு கைகளையும் விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறான். அப்பிள்ளைகளின் சிரிப்பொலி நமக்கும் மகிழ்ச்சியே தருகிறது. ஆனால் அவர்களுள் ஒருவனை நிறுத்தி, "தம்பி, பிரேக் பிடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் தலையைச் சொறிவார்கள். ஒருவன் தன் செருப்புக் காலை உயர்த்திக் காட்டி, "இதோ இருக்கிறதே பிரேக்!" என்பான்.

குடும்ப இதழில் மிதிவண்டியின் பிரேக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். இருக்கிறது. நம் பிள்ளைகள் நாள்தோறும் கூட்டமாகச் செல்லும் சாலையைப் பற்றியது இது. பிறர் உயிருக்கு நாம் எவ்வளவு பொறுப்பாளிகள் என்பதைப் பற்றியதும் இதுவே.

முதலில் நம் ஊர் நிலையைப் பார்ப்போம். 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளுக்குள் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. பேருந்து வராத சிற்றூர்களிலிருந்து வரும் எத்தனையோ பெண் பிள்ளைகள் அந்த மிதிவண்டியால்தான் பன்னிரண்டாம் வகுப்பை எட்டினார்கள். அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். எனினும் அரசு வண்டியைத்தான் தர முடியும். பராமரிப்பைத் தர முடியாது. முதலாண்டில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. இரண்டாம் ஆண்டில் பிரேக் கட்டை தேய்கிறது, ஒயர் துருப்பிடிக்கிறது. வண்டி அக்காளிடமிருந்து தம்பிக்கு வருகிறது. ஒருநாள் ஒயர் அறுகிறது. அறுந்த ஒயர் சக்கரத்தில் சிக்குகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பஞ்சரானால் வண்டி ஓடாது. ஆதலால் அன்றே கடைக்குப் போகிறோம். பிரேக் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஆகவே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அந்த நாளை வருவதேயில்லை.

இது வறுமையாலும் கவனக்குறைவாலும் நேர்வது. ஆனால் வேண்டுமென்றே பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டும் மோகமும் உலகின் பல நாடுகளில் பரவி வருகிறது. அதையும் நாம் தெரிந்துகொள்வது நலம்; இன்று கைப்பேசித் திரையில் காணும் வித்தை நாளை நம் தெருவுக்கு வந்துவிடும்.

நம் வீட்டு மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானே சுழன்றுகொண்டிருக்கும். பின்சக்கரத்திலுள்ள 'பிரீவீல்' என்னும் பகுதி அதற்கு இடம் தருகிறது. அந்தப் பகுதி இல்லாத ஒருவகை வண்டி உண்டு. அதில் சக்கரமும் பெடலும் செயினால் விடுதலையின்றிப் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை கால்களும் சுழன்றே தீர வேண்டும். வேகத்தைக் குறைக்கக் காலால் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். பந்தய மைதானங்களில் ஓட்டுவதற்கென்று அமைந்த வண்டி இது. அவ்வண்டிகளில் பிரேக் இருப்பதில்லை. பந்தய விதிகளே பிரேக்கை அனுமதிப்பதில்லை.

பந்தயத்தில் பிரேக் வேண்டாம் என்றால் சாலையில் மட்டும் ஏன் வேண்டும் என்று ஓர் இளைஞன் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளையொட்டி டெல்லியில் இத்தகைய பந்தயங்களுக்கென ஓர் ஓடுதளம் அமைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் நம் இந்தியச் சிறுவர்கள் இவ்வகை வண்டிகளிலேதான் அணி விரைவோட்டத்தில் தங்கப்பதக்கம் வென்றார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி அது. ஆனால் அந்த ஓடுதளத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கே எல்லாரும் ஒரே திசையில் செல்கிறார்கள். குறுக்கே ஆடு வராது, பால்காரர் வரமாட்டார், கைக்குழந்தையோடு ஒரு தாய் சாலையைக் கடக்கமாட்டாள். யாரிடமும் பிரேக் இல்லாததால் யாரும் திடீரென்று நிற்கவும் முடியாது. ஒருவன் மட்டும் சட்டென்று நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அவன்மேல் விழுவார்கள். ஆகவேதான் அங்கே பிரேக் விலக்கப்பட்டிருக்கிறது. திடீரென்று நிற்க வேண்டிய தேவை எழாத இடத்தில் பிரேக் ஆபத்து. அந்தத் தேவை நொடிக்கு நொடி எழும் இடத்தில் பிரேக் இல்லாமை ஆபத்து. விதி வேறுபடுவதுபோல் தோன்றினாலும் இரண்டிலும் காக்கப்படுவது ஒன்றுதான்: உடன் செல்கிற மனிதன்.

நியூயார்க், லண்டன் போன்ற மாநகரங்களில் கடித உறைகளை அவசரமாகக் கொண்டு சேர்க்கும் தூதர்கள் சிலர் இந்தப் பந்தய வண்டிகளைச் சாலையில் ஓட்டத் தொடங்கினார்கள். எளிய அமைப்பு, பழுது குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். இவ்வண்டியில் நன்கு பழகியவரால் காலாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வண்டி நிற்க முயலும்போது உடலின் பாரம் முன்சக்கரத்துக்குச் செல்கிறது. பின்சக்கரம் இலேசாகிச் சறுக்குகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வல்லமையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கே உரியது. காலின் வலிமையோ பின்சக்கரத்தை மட்டுமே எட்டும். செயின் கழன்றுவிட்டால் அதுவும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளே, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்பது ஒன்றும் பெரிய வேகமன்று. ஆனால் அவ்வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு மனம் உணர்ந்து கை பிரேக்கைத் தொட ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். பிரேக்கைத் தொடுமுன்பே 5 மீட்டர் போய்விட்டது. இரு பிரேக்குகளும் நன்றாக இருந்தால், உலர்ந்த சாலையில் மேலும் 3 மீட்டர் அளவில் நிற்கலாம். பின்பிரேக் மட்டும் என்றால் 5 மீட்டர் வேண்டும். இறக்கத்தில் வேகம் இரட்டித்து 36 கிலோமீட்டர் ஆனால், நிறுத்தும் தூரம் இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. 3 மீட்டர் 12 ஆகிறது; 5 மீட்டர் 20 ஆகிறது. செருப்புக் காலால் நிறுத்துகிறவனுக்கு நான் கணக்கே சொல்லப் போவதில்லை.

நம்முடையது பெரும்பாலும் சமதளமான கரிசல் பூமி. சரிவு என்றால் கண்மாய்க் கரையும் ரயில் மேம்பாலமும்தான். அதனால்தான் பிரேக்கின் அருமை நமக்குத் தெரிவதில்லை. மேம்பாலத்தின் உச்சியிலிருந்து பத்துப் பேராகக் கூச்சலிட்டுக்கொண்டு இறங்கும் அந்த அரை நிமிடத்தில்தான் அது தெரியவருகிறது. பாலம் முடியும் இடத்திலோ பட்டாசு ஆலைக்கு ஆளேற்றும் வேன் நிற்கும். தீப்பெட்டிப் பண்டலை ஏற்றிய சரக்கு வண்டி திரும்பும். வேலை முடிந்து வரும் பெண்கள் சாலையைக் கடப்பார்கள்.

பிற நாடுகளில் நேர்ந்த மூன்று நிகழ்ச்சிகளை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டன் மாநகரில், முன்பிரேக் இல்லாத பந்தய வண்டியில் சென்ற 18 வயது இளைஞன் ஒருவன் சாலையைக் கடந்த 44 வயதுப் பெண்மணியின்மேல் மோதினான். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவர் சில நாட்களில் உயிர் நீத்தார். மறு ஆண்டு நடந்த வழக்கில் கொலைக் குற்றத்துக்குக் குறைந்த மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து அவன் விடுவிக்கப்பட்டான். எனினும் பொறுப்பற்ற வேகத்தால் காயம் விளைவித்தான் என்னும் குற்றத்துக்கு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றான். அதற்கு எடுத்தாளப்பட்டது, குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், 1861ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம்! மிதிவண்டி ஓர் உயிரைப் பறிக்கும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

இரண்டாவது நிகழ்ச்சி தென்கொரியாவில். 2025ஆம் ஆண்டு சூலை மாதம் சியோல் நகரில் பள்ளி மாணவன் ஒருவன் பிரேக் இல்லாத வண்டியில் சரிவான தெருவில் இறங்கியபோது நிறுத்த இயலாமல் மோதி உயிரிழந்தான். அடுத்த மாதமே, பிரேக்கைக் கழற்றிய வண்டிகளைச் சாலையில் பிடிப்போம் என்று காவல்துறை அறிவித்தது. அத்தோடு நிற்கவில்லை. பலமுறை எச்சரித்தும் பிள்ளையைத் தடுக்காத பெற்றோர்மேல், குழந்தை நலச் சட்டத்தின்கீழ் விசாரணை நடத்த நேரலாம் என்றும் சொன்னது. பிள்ளையின் வண்டியில் பிரேக் இல்லாதது பெற்றோரின் குறை என்று ஒரு நாடு கருதுகிறது. இது மிகையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது நிகழ்ச்சி நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாகக் குடியேறி வாழும் மலேசியாவில் நடந்தது. அங்கே சிறுவர்கள் மிதிவண்டியைத் தாழ்த்தி, பிரேக்கையும் கழற்றிவிட்டு, வயிறு படியப் படுத்துக்கொண்டு இறக்கத்தில் பாய்வது உண்டு. 'பாசிக்கல் லாஜாக்' என்று அவ்வண்டிகளுக்குப் பெயர். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், விடியலுக்கு முன் மூன்று மணி அளவில், ஜொகூர் பாரு நகரச் சாலையில் அத்தகைய வண்டிகளில் பெருங்கூட்டமாக இருந்த சிறுவர்கள்மேல் ஒரு கார் மோதியது. 8 பேர் இறந்தனர். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள். மேலும் 8 பேர் காயமுற்றனர். காரை ஓட்டி வந்தவர் ஓர் இளம்பெண். கீழ் நீதிமன்றம் அவரை இருமுறை விடுவித்தது. 2022இல் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. எட்டு வீடுகளில் பிள்ளை இல்லை. ஒன்பதாவது வீட்டில் ஒரு பெண்ணின் இளமையில் ஆறு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் கழிந்தன. யார் குற்றவாளி என்று நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஒரு கூட்டம் விளையாட்டாகச் செய்த காரியம் எத்தனை வீடுகளின் கதவைத் தட்டியது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

'கூட்டம்' என்ற சொல்லிலேதான் இப்பொருளின் முடிச்சு இருக்கிறது. பிரேக் இல்லாமல் தனியே செல்கிற சிறுவன், பயத்தினாலாவது மெதுவாகச் செல்வான். கூட்டத்தில் சேர்ந்ததும் அந்தப் பயம் பகிர்ந்துகொள்ளப்பட்டு ஆளுக்குக் கொஞ்சமாகக் கரைந்துவிடுகிறது. எல்லாரும் போகிறார்கள், நானும் போகிறேன் என்ற துணிவு வந்துவிடுகிறது. ஆனால் ஆபத்து அப்படிப் பகிர்ந்துகொள்ளப்படுவதில்லை, அது பெருகுகிறது. முன்னே செல்கிறவன் ஒரு நாய்க்குட்டிக்காக நின்றால், பின்னே ஒரு மீட்டர் தள்ளி வருகிறவனுக்கு நிற்க இடமில்லை. அவனிடம் பிரேக்கும் இல்லையென்றால், முன்னே நின்றவனின் முதுகே அவனுக்குப் பிரேக். நல்ல பிரேக் வைத்திருந்து, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவன் அடிபடுகிறான்!

வெடிமருந்தோடு வாழ்கிற நம் பகுதி மக்களுக்கு இந்த உண்மையை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் அறைகளை ஏன் தனித்தனியே, இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள்? ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கலாகாது என்று ஏன் விதி வைத்திருக்கிறார்கள்? ஓரிடத்தில் தவறு நேர்ந்தால் அது அடுத்த இடத்துக்குத் தாவக் கூடாது என்பதற்காக அன்றோ! அந்த இடைவெளி அடுத்த அறையில் இருக்கிறவரின் உயிர்வேலி. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அவர்களுள் பலர் அங்கே வேலை செய்தவர்களே அல்லர். தீயைக் கண்டு உதவ ஓடி வந்தவர்கள். தீப்பொறி தொழிலாளி என்றும் வழிப்போக்கர் என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆலைக்குள் இடைவெளியின் விலையை உணர்ந்த நாம், நம் பிள்ளைகள் தோளோடு தோள் உரச, பிரேக்கின்றிச் சாலையில் செல்வதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

பிரேக் ஓட்டுகிறவனுக்காக மட்டும் அன்று. அவன் முன்னே நடந்து செல்லும் கிழவருக்காக, பக்கத்தில் வரும் நண்பனுக்காக. "விழுந்தால் நான்தானே விழப்போகிறேன்" என்று இளைஞர் சொல்வது வீரம்போல் தோன்றும். ஆனால் அது பொய்க்கணக்கு. சாலையில் எவனும் தனியாக விழுவதில்லை. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், வேகத்தின்மேல் கொண்ட ஆசையால் சாலையில் தன் உயிரையோ பிறர் உயிரையோ ஆபத்துக்குள்ளாக்குவதைக் கடுமையான குற்றமாக ஐந்தாம் கட்டளையின்கீழ் கண்டிக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நம்மில் எத்தனை பேருக்கு இது நினைவுக்கு வருகிறது?

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பெரிய செலவோ பெரிய அறிவோ தேவையில்லை.

வண்டியை நிறுத்தி முன்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். முன்சக்கரம் உருளக் கூடாது. பின்பிரேக்குக்கும் அவ்வாறே சோதனை. கைப்பிடியை அழுத்தும்போது அது ஹாண்டில்பாரைத் தொட்டுவிட்டால் ஒயரை இறுக்க வேண்டும் என்று பொருள். பிரேக் கட்டை ரிம்மின்மேல் சரியாகப் படிகிறதா, அல்லது டயரைத் தேய்க்கிறதா என்று குனிந்து பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு ரிம்மில் பட்டாலும் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

மழையில், அதிலும் இரும்பு ரிம் உள்ள வண்டிகளில், பிரேக் வெகுவாகத் தளர்ந்துவிடும். ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே மெல்ல மெல்ல அழுத்தி ரிம்மின் ஈரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். முன்பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரிடும்.

கூட்டமாகச் செல்லும்போது வரிசையாகச் செல்லுங்கள், இணையாகச் செல்லாதீர்கள். இருவருக்கிடையே குறைந்தது இரண்டு வண்டி நீளமாவது இருக்கட்டும். இறக்கத்தில் இன்னும் அதிகம். நிற்கப்போகிறவன் கையைக் காட்டி, குரல் கொடுத்துவிட்டு நிற்கட்டும். டிராக்டரின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு போகிற வேலை வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் ஒருவனுடைய வண்டிக்குப் பிரேக் இல்லையென்றால், நண்பர்கள் அவனைக் கேலி செய்ய வேண்டாம். எல்லாரும் இறங்கி அவனோடு மிதிவண்டிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகட்டும். அதுவே தோழமை.

ஆகஸ்ட் 15ஆம் நாள் காமநாயக்கன்பட்டிக்கும், செப்டம்பர் 8ஆம் நாள் விழாவையொட்டி வேளாங்கண்ணிக்கும் மிதிவண்டியில் திருயாத்திரை செல்லும் இளைஞர் குழுக்களுக்கும் இதே சொல்தான். கொடியும் பூமாலையும் கட்டுமுன் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் குழுத் தலைவர் தம் கையாலேயே சோதிக்கட்டும். புது வண்டியை மந்திரிக்கச் சொல்லி ஆலய வாசலுக்குக் கொண்டு வருகிறவர்கள் அறிவார்கள்; தீர்த்தம் தெளிக்குமுன் நான் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வழக்கம். சிலர் சிரிக்கிறார்கள். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுவதற்கு ஆசீர்வாதம் ஈடாகாது என்பதை எந்தக் குருவானவரும் உங்களுக்குச் சொல்வார்.

பெற்றோர்களே, பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடுகிறோம். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். அவன் நாள்தோறும் உயிரைச் சுமந்து செல்கிற அந்த வண்டியை எப்போது தொட்டுப் பார்த்தோம்? வருகிற சனிக்கிழமை மாலை மிதிவண்டியை வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். தந்தை பார்க்கட்டும், தந்தை வெளியூரில் வேலையாக இருந்தால் தாய் பார்க்கட்டும். பிரேக் பிடித்தால் நல்லது. பிடிக்காவிட்டால் அன்றே கடைக்கு அனுப்புங்கள். கையில் காசில்லை என்றாலோ, கடை பூட்டியிருக்கிறது என்றாலோ, அதைச் சரிசெய்யும்வரை வண்டி வீட்டுச் சுவரோரம் நிற்கட்டும். திங்கட்கிழமை காலையில் பிள்ளை அரைமணி முன்னதாகப் புறப்பட்டுப் பள்ளிக்கு நடந்தே போகட்டும்.